இறுகியதாகச் சான்றளிக்கப்பட்ட தளம்

நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை. காலையில் மேகமூட்டம், பத்து மணிக்குமேல் தூறல், வடகிழக்கிலிருந்து விட்டுவிட்டு வீசிய ஈரக்காற்று. சிகாமட் ஆற்றின் நீர், பாலத்துத் தூணில் தீட்டப்பட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இரண்டு முழம் கீழே ஓடியது.

அன்று வெள்ள நிவாரண மண்டபத்தின் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றப்பட்டது. அம்மண்டபத்தின் அமைப்பாவது: கீழே ஒரு பெரிய கூடம், அதன்மேல் மாடி, அதற்குமேல் தகரக் கூரை. மழைக்காலத்தை முன்னிட்டுக் கூரை முதலிலேயே போடப்பட்டுவிட்டது. என் பொறுப்பு முட்டுகள். முட்டு என்பது, இறுகாத தளத்தைத் தாங்கும் பொருட்டு அதன் அடிப்பலகைக்குக் கீழே நிறுத்தப்படும் இரும்புக் கால். அறுபத்து நான்கு முட்டுகளை என் மேற்பார்வையில் நிறுத்தினேன். தளம் இறுகும் வரை அதன் பாரம் முட்டுகளுடையது. இறுகிய பின் அதன் பாரம் அதனுடையது. அந்த மாற்றம் எந்த நாளில் நிகழ்கிறது என்று அறிவதே என் தொழிலின் மொத்த அறிவும் ஆகும்.

கான்கிரீட்டில் கலக்கப்படும் வேதிச் சேர்மானங்களை வேலையிடத்தில் நாங்கள் மருந்து என்போம். அவற்றுள் முதன்மையானவை நான்கு. நீரைக் குறைத்தும் கலவையை இளக்கமாக வைத்திருக்க உதவுவது நீர்குறைப்பி. வெயிலிலும் நெடும்பயணத்திலும் கலவை இறுகிவிடாமல் பிடித்து வைப்பது தாமதிப்பி. ஊற்றிய கலவையை விரைந்து இறுகச் செய்வது முடுக்கி. குளிர்நாடுகளில் தளத்தினுள் உள்ள நீர் உறைந்து வெடித்துவிடாதபடி நுண்குமிழ்களை உண்டாக்குவது காற்றேற்றி.

இந்நான்கையும் நெறிப்படுத்துவதற்கென ஏற்பட்டதே கட்டுமானச் சேர்மான நெறிமன்றம். அதன் தலைமையகம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில் உள்ளது. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் அதிகாரி. நால்வருக்கும் மேலே தலைவர், அரசின் டத்தோ பட்டம் பெற்ற சபாபதி. ஜொகூரில் எக்காலத்தும் பனி உறைவதில்லை. ஆயினும் காற்றேற்றிக்கும் ஓர் அதிகாரி உண்டு. பதினோர் ஆண்டுகளாக மாநிலத்தின் ஒரு தளம்கூட உறைபனியால் வெடிக்காதது அவருடைய தனிப்பட்ட சாதனையாக ஆண்டறிக்கையில் அச்சாகிறது.

காலை ஒன்பது மணிக்குக் கான்கிரீட் லோரிகள் ஐந்தும் வாயிலில் நுழைந்தன. நுழைந்த கணமே ஆய்வுக்கூடப் பணியாளர் ஒவ்வொன்றிலிருந்தும் சிறிது கலவையை எடுத்துக் கனசதுர இரும்பு அச்சுகளில் நிரப்பினார். அது நெறிமன்றத்தின் நான்காம் விதி. காத்திருந்து களைத்த கான்கிரீட்டைச் சோதிப்பது அதற்கு இழைக்கப்படும் அநீதி என்று அவ்விதிக்கு விளக்கமும் உண்டு. மாதிரிகள் வெள்ளைத் துணி போர்த்தப்பட்டுக் குளிரூட்டிய வாகனத்தில் ஏறின.

அதன் பிறகே கையொப்பங்கள் தொடங்கின. நால்வரும் வரிசை முறைப்படி ஒப்பமிட வேண்டும். முதலாமவர் கண்ணாடியை ஹோட்டலில் மறந்துவிட்டார். அதை எடுத்து வர ஆள் போனான். இதற்கிடையே ஒன்பதாம் விதி நடைமுறைக்கு வந்தது: லோரி காத்திருக்கும் ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு போத்தல் தாமதிப்பி ஊற்றப்பட வேண்டும். தாமதிப்பி அதிகாரி அமலநாதன், ஆண்டவரைத் துதித்து நெற்றியில் சிலுவையிட்டுக்கொண்டு, ஏணியில் ஏறி ஏறி ஊற்றினார்.

"சார், இது ஏழாவது போத்தல்," என்றேன்.

"தெரியும்லா, காளிதாஸ். அரமணிக்கு ஒண்ணு. சைன் முடியிற வரைக்கும் லோரியில சீமெண்டு இறுகக் கூடாது."

"ஊத்துன பிறகு இறுகணுமே சார்?"

அவர் ஏணியின் நடுவில் நின்று என்னைப் பார்த்தார். "அது என் டிபார்ட்மெண்ட் இல்ல. ஷரோன் மேடம் டிபார்ட்மெண்ட்."

முடுக்கி அதிகாரி ஷரோன் இளையவர். மழைக்கோட்டு அணிந்து இரண்டு நீலப் பீப்பாய்களின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

"என் ஃபைல் இன்னும் பெர்மாஸ் ஜெயாவுல இருக்கு அங்கிள்," என்றார். "அப்ரூவல் வராம ஒரு சொட்டு ஊத்தினா என் வேலை போயிரும். அப்ரூவல் வந்து ஊத்தாம விட்டாலும் போயிரும்."

பகல் பன்னிரண்டரைக்கு நான்காவது கையொப்பம் விழுந்தது. கலவை மாடிக்கு ஏற்றப்பட்டது. பாயசத்தைப் போல் வழுக்கிக்கொண்டு சென்று தானாகவே மட்டமாகியது. அவ்வளவு அழகான தளத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

மறுநாள் காலையில் தளத்தின் விளிம்புப் பலகை ஒன்றைக் கழற்றி, பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் முழுவதும் உள்ளே போயிற்று. வியாழனன்றும் போயிற்று. வெள்ளியன்று தளத்தின் மேற்பரப்பில் காற்றுப் பட்டு அப்பளம்போல் ஒரு பொருக்குக் கட்டியது, நடந்தால் தாங்கியது. விளிம்பில் மட்டும் விரல் போய்க்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் வேட்டியோடு ஏறிப் பார்த்தேன். அன்றும் போயிற்று.

ஏழாம் நாள், டிசம்பர் 2 அன்று, கனசதுரங்கள் ஆய்வுக்கூடத்தில் நொறுக்கப்பட்டன. அவை மிகுந்த வலிமையுடன் இருந்தன என்று செய்தி வந்தது. மதியமே டத்தோ சபாபதி சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கொண்டுவந்தார். அதில் தளம் இறுகிவிட்டதாக இரு மொழிகளில் எழுதியிருந்தது.

"டத்தோ, கியூப் எடுத்தது மருந்து ஊத்துறதுக்கு முன்னால," என்றேன். "மேல இருக்கிறது இன்னும் மாவாத்தான் இருக்கு. வந்து விரல வச்சுப் பாருங்க."

அவர் சினங்கொள்ளவில்லை. அவருடைய குரல் எப்போதும் மேடைக் குரலே.

"காளிதாஸ், நீங்க அனுபவசாலி. ஆனா அடிப்படையில ஒரு தப்பு பண்றீங்க. சட்டப்படி கான்கிரீட்டுன்னா அந்தக் கனசதுரம்தான். மாடியில இருக்கிறது அதோட ஒரு நகல். நகல் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம். அதுக்காக அசலைச் சந்தேகப்படலாமா? உங்க விரலுக்கு யார் சான்றிதழ் கொடுத்தாங்க?"

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினர். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் முட்டுகள் யாவும் அகற்றப்பட வேண்டும் என்ற ஆணை என் கையில் தரப்பட்டது. இறுகிய தளத்தின் கீழே முட்டு நிற்பது நெறிமன்றத்தின்மீது அவநம்பிக்கை தெரிவிப்பதாகும் என்று அதில் ஒரு வரி இருந்தது.

புதன் முழுவதும் மழை பெய்தது. வியாழன் விடியலில் ஆறு மஞ்சள் கோட்டை மூடியிருந்தது. ஆற்றங்கரைச் சிற்றூர்களான கம்பங்களிலிருந்து மக்கள் பாயும் பானையுமாக மண்டபத்துக்கு வந்தனர். பள்ளிக்கூட முகாமில் ஏற்கெனவே இடுப்பளவு நீர். ஆகவே வேறு இடம் இல்லை. எட்டரை மணிக்கு வந்த லோரியிலிருந்து என் மனைவி புஷ்பவள்ளி இறங்கினாள். நேராகச் சென்று கூடத்தின் நட்டநடுவில், முப்பத்திரண்டாம் முட்டுக்கும் முப்பத்து மூன்றாம் முட்டுக்கும் இடையே பாயை விரித்தாள்.

"அங்க படுக்காத புள்ள."

"ஏங்க? காத்து நல்லா வருது."

நான் மேலே பார்த்தேன். அவளும் பார்த்தாள். பலகை இடுக்கிலிருந்து ஒரு சாம்பல்நிறச் சொட்டு அவளுடைய தலையணையில் விழுந்தது.

"இந்தக் கம்பிய எடுத்தா இது கீழ வந்துரும். பத்து மணிக்கு எடுக்கச் சொல்லி லெட்டர்."

"அலமாக்! எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"நான் எடுக்கலன்னா வேற ஆள் எடுப்பான்."

கூடத்தில் அப்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தனர். வாசலில் முகாம் பதிவாளர் ரூபேந்திரன் மேசை போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் முகாமின் விதிகள் ஒட்டப்பட்டிருந்தன. புஷ்பவள்ளி தன் பதிவு முடிந்தும் மேசையருகே நின்று அவற்றைப் படித்தாள். ஐந்தாம் விதி: பதிவு பெற்ற எவரையும், வெள்ளம் வடிந்ததாக அறிவிக்கப்படும் வரை, எவரும் முகாமிலிருந்து அகற்றலாகாது.

அவள் விதியைப் பார்த்தாள், முட்டுகளைப் பார்த்தாள், பிறகு ரூபேந்திரனைப் பார்த்தாள்.

"தம்பி, இன்னும் அறுவத்து நாலு பேரு இருக்காங்க. எழுதிக்கிறீங்களா?"

ரூபேந்திரன் இருநூற்று எழுபத்தாறு சாப்பாட்டுப் பொட்டலங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். வந்தவர்களோ இருநூற்றுப் பன்னிரண்டு. மீதிக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டிய துயரத்தில் இருந்த அவர், அறுபத்து நான்கு என்ற எண்ணைக் கேட்டதும் பேனாவை எடுத்தார்.

"பேரு?"

"முட்டு," என்றேன்.

"எல்லாருக்குமா?"

"நம்பர் போட்டுக்குங்க. முட்டு ஒண்ணு, முட்டு ரெண்டு."

"வீட்டு முகவரி?"

"சாரக் கிடங்கு, லாயாங் லாயாங்."

"அங்க வெள்ளம் இல்லையே?"

"வேலைக்கு வந்த இடத்துல மாட்டிக்கிட்டாங்க," என்றாள் புஷ்பவள்ளி.

"வயசு?"

"வாங்கி ஒம்போது வருசம் ஆச்சு."

அவர் நிமிர்ந்தார். "ஒம்போதுன்னா சின்னப் பிள்ளைங்க. கார்டியன் சைன் வேணும்."

அறுபத்து நான்கு படிவங்களிலும் காப்பாளர் என்ற கட்டத்தில் நான் ஒப்பமிட்டேன். உடற்குறை ஏதேனும் உண்டா என்ற கட்டத்தில், நிற்பர், உட்கார இயலாது என்று எழுதப்பட்டது. பத்து மணிக்கு முட்டுகளை எடுக்க வந்த ஆட்களிடம் ரூபேந்திரன் ஐந்தாம் விதியைக் காட்டினார். டத்தோ சபாபதிக்குத் தொலைபேசியில் தகவல் போயிற்று. விதிக்கு அவர் என்றும் கட்டுப்பட்டவர் ஆதலால் ஆணை ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த ஏழு நாள்களும் மண்டபத்தில் முறையாக நடந்தன. ஒவ்வொரு முட்டுக்கும் ஒரு போர்வை, ஒரு பல்துலக்கி, மூன்று வேளை பொட்டலம். பொட்டலங்களைப் பிள்ளைகள் தின்றனர். போர்வைகள் முட்டுகளின்மேலேயே போர்த்தப்பட்டிருந்ததால், பகல் வெளிச்சத்திலும் கூடத்தில் அறுபத்து நான்கு பேர் தலைகுனிந்து நிற்பதுபோலத் தோன்றியது. சாம்பல்நிறச் சொட்டுகள் தொடர்ந்து விழுந்தன. யாரும் அதைப்பற்றி உரக்கப் பேசவில்லை. நான் காலைதோறும் விளிம்புக்குச் சென்று விரலை வைத்தேன். காலைதோறும் புஷ்பவள்ளி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள். இன்னும் இல்லை என்று நான் தலையை ஆட்டினேன்.

ஒன்பதாம் தேதி நெறிமன்றம் முகாமைப் பார்வையிட வந்தது. டத்தோ சபாபதி முட்டுகளினிடையே நடந்து, அவற்றின் கட்டுப்பாட்டை வியந்தார். "ஏழாயிரம் முகாம் பாத்திருக்கேன். இப்படி ஒரு அமைதியான குடும்பத்தப் பாத்ததில்ல," என்று சொல்லி, நாற்பதாம் முட்டுக்கு மாலை அணிவித்தார். அமலநாதன் மட்டும் பின்தங்கி என் அருகே வந்தார்.

"இன்னும் போகுதா?" என்றார் மெதுவாக.

"போகுது சார்."

"எத்தன நாளாகும்னு எனக்கும் தெரியல. ஏழு போத்தல் ஒரு லோரிக்கு யாரும் ஊத்தினதில்ல. புத்தகத்துலயே இல்ல."

"டத்தோகிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னா எழுதிக் கொடுக்கச் சொல்வாரு," என்றார். அவருடைய கை சட்டைப்பையில் இருந்த ஜெபமாலையைத் தேடியது.

டிசம்பர் 11, வியாழக்கிழமை, வெள்ளம் வடிந்ததாக அறிவிக்கப்பட்டது. மாலை நான்கு மணிக்கு வழியனுப்பு விழா. நெறிமன்றத்தார் மாடியில் அமர்ந்து, வெளியேறுவோருக்குக் கையசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பொருக்கின்மேல் சிவப்புக் கம்பளம் விரித்து, நாற்காலிகள் போட்டு, ஒலிபெருக்கியும் பொருத்தினர். முடுக்கி அதிகாரி ஷரோன் மட்டும் வரவில்லை. அவருடைய கோப்பு அன்றுதான் கையொப்பத்துக்கு வந்திருந்ததாம்.

ரூபேந்திரன் பதிவு எண் வரிசைப்படி அழைத்தார். ஒன்று முதல் இருநூற்றுப் பன்னிரண்டு வரை மனிதர்; அதற்குமேல் முட்டுகள். மக்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். புஷ்பவள்ளி நூற்று எண்பத்தெட்டு. வாசலைத் தாண்டியதும் அவள் திரும்பி நின்றாள்.

"நீங்களும் வாங்க."

"மேல ஆளு இருக்காங்க புள்ள. நீ தூரமா போய் நில்லு."

கடைசி மனிதர் வெளியேறிய பின் நான் மாடிப்படியில் நின்று கெஞ்சினேன். "டத்தோ, கீழ இறங்கிருங்க. இப்ப முட்டு எடுக்கப் போறாங்க. காப்பாளர் நான். நான் சம்மதிக்கல."

ரூபேந்திரன் கீழேயிருந்து வருத்தத்துடன் குரல் கொடுத்தார். "தண்ணி வடிஞ்ச பிறகு பிள்ளைங்கள முகாமுல அடைச்சு வைக்கிறது குத்தம்ணே."

டத்தோ சபாபதி ஒலிபெருக்கியை நெருங்கினார்.

"நண்பர்களே! இந்தத் தளத்தப் பத்தி ஒருத்தர் சந்தேகப்பட்டாரு. நாங்க அவரத் தண்டிக்கல. ஏன்னா சந்தேகப்படுறவங்க இருந்தாத்தான் சான்றிதழுக்கு மதிப்பு. இன்னிக்கு நான் நிக்கிறது கான்கிரீட்டு மேல இல்ல. இருபத்தாறு ஃபாரம், நாலு கையெழுத்து, ஒரு முத்திரை, அது மேல நிக்கிறேன்!"

அவர் கூறியது முற்றிலும் உண்மை என்பதை அப்போது அங்கிருந்தவர்களுள் நானும் அமலநாதனும் மட்டுமே அறிந்திருந்தோம்.

லாயாங் லாயாங் லோரியின் ஆட்கள் முட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினர். நான் தொடவில்லை. இருநூற்றுப் பதின்மூன்று. இருநூற்றுப் பதினான்கு. ரூபேந்திரன் ஒவ்வொரு பெயருக்கும் நேரே கோடிட்டார். நாற்பதாம் முட்டு மாலையுடன் வெளியே சென்றது. நாற்பத்தொன்றாவது தளர்ந்தபோது பலகைகள் முனகின. அந்த ஓசையை என் தொழிலில் உள்ளவர்கள் ஒருமுறை கேட்டால் போதும்.

"ஓடுங்க!" என்று கத்தினேன். ஆட்கள் ஓடினர், ரூபேந்திரன் பதிவேட்டுடன் ஓடினார்.

தளம் இடிந்து விழவில்லை. மணி 4.12-க்கு அது நடுவில் மெல்லத் தொய்ந்தது. எஞ்சிய முட்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தளத்தினுள் இருந்த கம்பிவலை சுவர்களைப் பற்றிக்கொண்டிருக்க, தளம் தொட்டிலைப்போல் கீழே இறங்கிற்று. பொருக்கு உடைந்தது. கம்பளத்தோடும் நாற்காலிகளோடும் நெறிமன்றம், கூடத்தின் நடுவில், புஷ்பவள்ளி பாய் விரித்திருந்த இடத்துக்கு நேரே வந்து நின்றது. டத்தோவும் மூன்று அதிகாரிகளுமாக நால்வரும், நடுவில் வழிந்து திரண்ட கலவைக்குள் முழங்காலுக்குமேல் புதைந்திருந்தனர். எவருக்கும் காயமில்லை. ஒலிபெருக்கி வேலை செய்துகொண்டிருந்தது.

4.25-க்குப் பொம்பா வந்தது. தீயணைப்பு அதிகாரி யுகேந்திரன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தவர், சுவரில் தொங்கிய சான்றிதழைக் கண்டு நின்றார்.

"டத்தோ, ஒரே கேள்வி. இது இறுகிருச்சா, இல்லையா? இறுகலன்னா கயித்தப் போட்டுப் பத்து நிமிசத்துல தூக்கிருவேன். இறுகிருச்சுன்னா வெட்டணும். வெட்ட மெஷின் ஜொகூர் பாருவுலேருந்து வரணும். சான்றிதழ் வாங்கின தளத்த வெட்ட உங்க மன்றத்தோட அனுமதி வேணும்."

"சான்றிதழப் படிங்க," என்றார் டத்தோ.

"எனக்குக் கண்ணு இருக்கு டத்தோ. அது கூழாத்தான் தெரியுது. ஆனா என் ஃபாரத்துல கண்ணுக்குக் கட்டம் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"இறுகலைன்னு சொல்றவங்க யாரா இருந்தாலும், எப்ப, எதனால இறுகலைன்னு எழுதிக் கொடுக்கணும்," என்று டத்தோ சபாபதி ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

நான் பலகைச் சரிவில் இறங்கி அமலநாதனிடம் கையை நீட்டினேன். "பிடிங்க சார். இழுத்துர்றேன். இப்ப வந்துரும்."

அவர் என் கையைப் பற்றினார். ஒரு கால் சேற்றிலிருந்து எழும்புவதுபோல ஓசையுடன் அரையடி எழும்பியது. பிறகு அவர் டத்தோவைத் திரும்பிப் பார்த்தார். டத்தோ அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமலநாதன் என் கையை விட்டுவிட்டு, காலைத் தாமாகவே மீண்டும் உள்ளே அழுத்திக்கொண்டார்.

4.40-க்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஷரோன் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவருடைய கையில் முத்திரையிட்ட தாள் இருந்தது.

"டத்தோ! அப்ரூவல் வந்திருச்சு! நவம்பர் இருபத்தஞ்சு போட்ட தளத்துல முடுக்கி ஊத்த அனுமதி!" என்றவர், நடுக்கூடத்தைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வேண்டாம் மேடம்," என்றேன். "தயவு செஞ்சு வேண்டாம்."

"ஊத்தலன்னா என் வேலை போயிரும் அங்கிள்." அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "டத்தோ, நிறுத்திக்கவா? இறுகிருச்சுன்னா இது தேவையில்லைதானே? நிறுத்துன்னு எழுத்துல கொடுங்க, நிறுத்திர்றேன்."

டத்தோ இரு பக்கமும் நிறுத்துப் பார்த்தார். மருந்து தேவையில்லை என எழுதினால், தம் மன்றமே முத்திரையிட்ட அனுமதி தவறாகும். ஆபத்து என எழுதினால், தளம் இறுகவில்லை என்றாகும்.

"நெறிமன்றம் தன் ஆணையத் தானே தடுக்காது," என்றார். "ஊத்துங்க."

நீலப் பீப்பாய்கள் இரண்டும் பதினாறு நாள்களாக அங்கேயே காத்திருந்தன. ஷரோன் அழுதுகொண்டே, அளவுக் குவளையால் அளந்து அளந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். பொம்பாக்காரர்கள் கயிற்றைச் சுருட்டியும் அவிழ்த்தும் நின்றனர். காற்றேற்றி அதிகாரி, கால் சூடேறுகிறது என்றார். அது இயல்பு, இறுகும் கான்கிரீட் வெப்பம் விடும். அமலநாதன் ஒருமுறை காலை அசைத்துப் பார்த்தார், முகம் மாறிற்று, கண்களை மூடிக்கொண்டார். வெளியே புஷ்பவள்ளி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காளிதாஸ்," என்று டத்தோ சபாபதி அழைத்தார். அவர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டார். "உங்க விரல் இருக்கில்ல. வச்சுப் பாருங்க."

நான் அவருடைய தொடையருகே குனிந்து, கட்டைவிரலை வைத்து முழு பலத்துடன் அழுத்தினேன். விரல் உள்ளே போகவில்லை. நகம் பெயர்ந்தது.

"இறுகிருச்சு டத்தோ."

அவர் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, சுவரில் இருந்த சான்றிதழை நிமிர்ந்து பார்த்தார்.

"நேரத்தக் குறிச்சுக்குங்க," என்றார்.

குறித்துக்கொண்டேன். மாலை மணி 5.40.